உடல்நீர்களில் அழற்சிப் புரதங்கள்

உடம்பில் ஓரிடத்தில் முள் தைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சிறிது நேரத்தில் அவ்விடம் சிவக்கிறது; சுடுகிறது; வீங்குகிறது; வலிக்கிறது. இந்த நான்கு குறிகளையும் கி.பி. முதல் நூற்றாண்டிலேயே செல்சஸ் என்னும் உரோமானிய ஆசிரியர் ஒருங்கே தொகுத்து எழுதினார். இக்குறிகளுக்குக் காரணமாக உடலுக்குள் நடைபெறும் நிகழ்ச்சியையே அழற்சி என்கிறோம். அழற்சி என்பது நோய் அன்று. நோயை எதிர்த்து உடல் தொடுக்கும் போர். ஆயினும், போர் நடக்கும் வயலில் பயிரும் மிதிபடுவது போல, அழற்சி நீடித்தால் உடலுக்கே கேடு விளைகிறது.

காலில் தைத்த முள்ளைக் கண்ணால் காணலாம். நுரையீரலைச் சுற்றிய உறைக்குள்ளும், குடலின் உட்சுவரிலும், முழங்கால் மூட்டினுள்ளும் நடைபெறும் அழற்சியை எவ்வாறு காண்பது? அதற்கும் இயற்கை ஒரு வழி வைத்திருக்கிறது. அழற்சி எங்கு நிகழ்ந்தாலும் அதன் சுவடு உடல்நீர்களில் விழுகிறது. குருதி, நெஞ்சுநீர், மூட்டுநீர், மூளைத் தண்டுவட நீர் ஆகியவற்றிலும், ஏன், கழித்துவிடும் மலத்திலும்கூட அச்சுவடு உண்டு. அச்சுவடு பெரும்பாலும் ஒரு புரதமாகவே இருக்கிறது. அப்புரதத்தை அளந்து நோயை அறியும் முறையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் கொல்லங்கோட்டைச் சேர்ந்த உயிர்வேதியியல் மாணவன். தெற்கே நெல்லியாம்பதி மலை. கிழக்கே முதலமடை மாந்தோப்புகள். வீட்டிலே தமிழ், கடைத்தெருவிலே மலையாளம் என்று வாழ்வோர் எங்கள் பக்கத்தில் பலர். காய்ச்சல் விடாவிட்டால் சிலர் வடக்கே பாலக்காட்டுக்குச் செல்வர். சிலர் கிழக்கே பொள்ளாச்சிக்கும், அதற்கப்பால் கோயம்புத்தூருக்கும் செல்வர். திரும்பும்போது கையில் ஒரு தாள் இருக்கும். அதில் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி., ஏ.டி.ஏ. என்று சில எழுத்துக்களும் அவற்றின் எதிரே சில எண்களும் அச்சாகியிருக்கும். அவ்வெண்கள் எங்கிருந்து வருகின்றன, எந்த அளவுக்கு அவற்றை நம்பலாம் என்பன மருத்துவருக்கு மட்டுமல்லாமல் நமக்கும் தெரிந்திருக்க வேண்டிய செய்திகள் என்று கருதியே இதனை எழுதுகிறேன்.

கல்லீரலுக்குச் செல்லும் ஓலை

நுண்ணுயிர் ஒன்று நுரையீரலில் புகுந்தது எனக் கொள்வோம். அங்குள்ள காவல் வெள்ளணுக்கள் அதனை இனங்கண்டு சில செய்திப் புரதங்களைக் குருதியில் விடுகின்றன. அவற்றுள் தலையாயது இன்டர்லூக்கின்-6 என்பது. இது குருதியோடு பயணம் செய்து கல்லீரலை அடைகிறது. ஓலை கண்ட கல்லீரல் தன் வேலைத் திட்டத்தையே மாற்றிக்கொள்கிறது. நாள்தோறும் செய்துவந்த ஆல்புமின் என்னும் புரதத்தைக் குறைத்துவிட்டுப் போருக்கு வேண்டிய புரதங்களைப் பெருக்குகிறது. சி-வினைப்புரதம், ஃபைப்ரினோஜன், ஃபெர்ரிட்டின், சீரம் அமிலாய்டு-ஏ முதலியன இவ்வாறு பெருகுவன. இவற்றைக் கடுநிலைப் புரதங்கள் என்று வழங்குவர்.

இங்கு ஒன்றை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். ஓலை எங்கிருந்து வந்தாலும், எவ்வகைப் பகைவனைப் பற்றி வந்தாலும், கல்லீரல் செய்யும் வேலை ஏறத்தாழ ஒன்றே. நிமோனியாவுக்கும், எலும்பு முறிவுக்கும், அறுவை மருத்துவத்துக்கும், மூட்டுவாதத்துக்கும் அதே புரதங்கள்தாம் உயர்கின்றன. ஆதலின் குருதியிலுள்ள அழற்சிப் புரதம் 'உடலில் எங்கோ தீப்பற்றியிருக்கிறது' என்று சொல்லும். எந்த வீடு, யார் வைத்த தீ என்று சொல்லாது. பின்னர் வரும் செய்திகள் யாவும் இவ்வடிப்படையை ஒட்டியவையே.

படியும் செவ்வணுக்கள்

அழற்சியை அளக்கும் முறைகளுள் இன்றும் வழங்குவனவற்றில் மிகப் பழையதும் மிக மலிவானதும் ஈ.எஸ்.ஆர். என்னும் செவ்வணுப் படிவு வேகம். போலந்து நாட்டு மருத்துவர் பியெர்நாட்ஸ்கி 1897இல் இதனைக் குறிப்பிட்டார். பின்னர்ச் சுவீடன் நாட்டு ஃபோரியஸ் ஆராய்ந்தார். வெஸ்டர்கிரேன் 1921இல் முறைப்படுத்தினார். இன்றும் அவர் பெயராலேயே அம்முறை வழங்குகிறது.

உறையாமல் காக்கும் மருந்து கலந்த குருதியை ஒரு மெல்லிய கண்ணாடிக் குழாயில் ஏற்றிச் செங்குத்தாக நிறுத்துகிறார்கள். ஒரு மணி நேரம் கழித்துச் செவ்வணுக்கள் எத்தனை மில்லிமீட்டர் கீழே இறங்கின என்று பார்க்கிறார்கள். அவ்வளவுதான் சோதனை. செவ்வணுக்களின் மேற்பரப்பில் எதிர்மின்னேற்றம் இருப்பதால் அவை இயல்பாக ஒன்றையொன்று விலக்கும். தனித்தனியே மெல்ல இறங்கும். அழற்சியின்போது ஃபைப்ரினோஜன் பெருகி அவ்விலக்கத்தை மறைத்துவிடுகிறது. அப்போது செவ்வணுக்கள் அடுக்கி வைத்த நாணயங்களைப் போல ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக்கொள்கின்றன. அடுக்கு கனமானது; விரைந்து இறங்குகிறது.

ஆகவே ஈ.எஸ்.ஆர். புரதத்தை நேராக அளப்பதில்லை. புரதம் செய்யும் வேலையை அளக்கிறது. அதனால் அதில் பல குறுக்கீடுகள் உண்டு. குருதிச்சோகை உள்ளவருக்கு அழற்சி இல்லாமலே அது உயரும். கருவுற்ற பெண்களுக்கு உயரும். வயது ஏற ஏற அதுவும் ஏறும். நோய் தணிந்த பின்னும் இறங்குவதற்குப் பல நாள், சில வேளை வாரக்கணக்கு ஆகும். நம் நாட்டில் பெண்களிடையே குருதிச்சோகை மிகுதி என்பதை நினைத்தால், ஈ.எஸ்.ஆர். சற்று உயர்ந்ததைக் கண்டு கலங்குவது எத்துணை வீண் என்பது விளங்கும்.

சி-வினைப்புரதம்

1930இல் நியூயார்க் நகரில், ராக்பெல்லர் நிலையத்தில், ஏவரியின் ஆய்வுக்கூடத்தில் டில்லட், பிரான்சிஸ் என்ற இருவர் நிமோனியா நோயாளிகளின் சீரத்தை ஆராய்ந்துகொண்டிருந்தனர். நிமோனியாவை உண்டாக்கும் நுண்ணுயிரிலிருந்து பிரித்தெடுத்த 'சி' என்னும் ஒரு சர்க்கரைப் பொருளுடன் நோயாளியின் சீரத்தைக் கலந்தபோது வீழ்படிவு தோன்றியது. நோய் நீங்கியவரின் சீரத்தில் அது தோன்றவில்லை. எதிர்ப்பொருளாக இருந்தால் நோய் நீங்கிய பின்னர்தான் அது மிகுந்திருக்க வேண்டும். இதுவோ நோயோடு வந்து நோயோடு மறைகிறது! ஆகவே இது வேறொரு பொருள் என்று உணர்ந்தனர். 'சி' பொருளுடன் வினைபுரிவதால் சி-வினைப்புரதம் என்ற பெயர் நிலைத்தது. சி.ஆர்.பி. என்று அறிக்கைகளில் காண்பது இதுவே.

இப்புரதம் ஒரே மாதிரியான ஐந்து துண்டுகள் வட்டமாக இணைந்து ஆனது. கால்சியத்தின் துணையோடு, சிதைந்த செல்களின் மேலும் சில நுண்ணுயிர்களின் மேலும் காணப்படும் பாஸ்போகோலின் என்னும் பகுதியைப் பற்றிக்கொள்கிறது. அவற்றை அகற்றும்படி பிற காவலர்களை அழைக்கிறது.

இதன் சிறப்பு இதன் வேகத்தில் இருக்கிறது. நலமுள்ளவர் பெரும்பாலோரின் குருதியில் லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கும் குறைவு. பலருக்கு 3க்கும் குறைவு. அழற்சி தொடங்கிய சுமார் 6 மணி நேரத்தில் ஏறத் தொடங்கி, ஏறத்தாழ 48 மணியில் உச்சத்தை அடைகிறது. கடுமையான தொற்றில் இயல்பு அளவைப்போல ஆயிரம் மடங்குகூட உயரக்கூடும். தூண்டுதல் நின்றதும் சுமார் 19 மணிக்கு ஒரு முறை பாதியாகிறது. இந்தப் பாதியாகும் காலம் எந்த நோயிலும் ஏறத்தாழ மாறுவதில்லை. ஆகவே குருதியில் உள்ள அளவு, கல்லீரல் அப்போது எவ்வளவு செய்துகொண்டிருக்கிறது என்பதை நேரே காட்டுகிறது.

ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். ஒருவருக்குச் சி.ஆர்.பி. 160 இருக்கும்போது மருந்து பலித்து, தூண்டுதல் முற்றும் நின்றுவிட்டது என்று கொள்வோம். 19 மணி கழித்து 80. 38 மணி கழித்து 40. 57 மணி கழித்து 20. இரண்டரை நாளில் எட்டில் ஒரு பங்காகிவிடுகிறது. உண்மையில் தூண்டுதல் ஒரே நொடியில் நின்றுவிடாது. ஆதலின் சற்று மெதுவாக இறங்கும். ஆயினும் மூன்று நாள் ஆகியும் அது இறங்காமல் நின்றாலோ ஏறினாலோ, மருந்து பொருந்தவில்லை, அல்லது எங்கோ சீழ் தங்கியிருக்கிறது என்று மருத்துவர் ஐயுற இடமுண்டு. ஒரு நாளின் எண்ணைவிட இரண்டு மூன்று நாட்களின் எண்களை வரிசையாகப் பார்ப்பது சிறந்தது என்பதற்குக் காரணம் இதுவே.

அளப்பது எவ்வாறு?

குருதியில் எண்ணற்ற புரதங்கள் கலந்திருக்கின்றன. அவற்றுள் ஒன்றை மட்டும் எப்படி அளப்பது? பூட்டுக்குச் சாவி போல அப்புரதத்துக்கு மட்டும் பொருந்தும் எதிர்ப்பொருளே இதற்குக் கருவி. குதிரையிலும் முயலிலும் ஆட்டிலும் எதிர்ப்பொருள் உண்டாக்கிப் பயன்படுத்திய காலம் உண்டு. 1975இல் கோலர், மில்ஸ்டீன் ஆகியோர் ஒரே வகை எதிர்ப்பொருளை வேண்டுமளவு ஆக்கும் வழியைக் கண்டனர்; 1984இல் நோபெல் பரிசும் பெற்றனர். அதன்பின் இத்துறை பெருவளர்ச்சி அடைந்தது.

நான் செய்முறை வகுப்பில் முதலில் கற்றது லேட்டக்ஸ் சோதனை. கண்ணுக்குத் தெரியாத சிறு லேட்டக்ஸ் மணிகளின்மேல் எதிர்ப்பொருளை ஒட்டிவைத்திருப்பர். கறுப்புக் கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டுச் சீரத்துடன் ஒரு சொட்டு லேட்டக்ஸைக் கலந்து இரண்டு நிமிடம் மெல்ல ஆட்டினால், புரதம் மிகுந்திருந்தால் பால் திரிவது போலத் திரியும். வழக்கமான கலவைகள் லிட்டருக்கு 6 மில்லிகிராம் முதல் திரியும்படி செய்யப்பட்டவை. சீரத்தை இரண்டு மடங்கு, நான்கு மடங்கு, எட்டு மடங்கு என்று நீர்த்துப் பார்த்து, கடைசியாகத் திரிந்த மடங்கை 6ஆல் பெருக்கினால் ஏறத்தாழ அளவு கிடைக்கும். எட்டு மடங்கு வரை திரிந்து, பதினாறில் திரியவில்லை என்றால் 48 என்று கொள்ளலாம்.

இதில் ஒரு விந்தையும் உண்டு. புரதம் மிதமிஞ்சி இருந்தால் சில வேளை திரியாமலே போகும்! மணிகளின் எதிர்ப்பொருள் ஒவ்வொன்றையும் வெவ்வேறு புரதமே பிடித்துக்கொள்வதால், இரண்டு மணிகளைச் சேர்த்துக் கட்டப் பாலம் இல்லாமற் போகிறது. திருமணப் பந்தியில் ஓர் இலைக்கு இருவர் வந்தால் பேச்சு வளரும். ஆளுக்கோர் இலை கிடைத்துவிட்டால் அவரவர் உண்டு எழுவர் அல்லவா? அது போன்றதே இது. கடும் நோயாளியின் சீரம் திரியவில்லையெனில் நீர்த்துப் பார்க்காமல் 'இல்லை' என்று எழுதக் கூடாது.

பெரிய ஆய்வுக்கூடங்களில் இதே வினையை ஒளியால் அளக்கிறார்கள். புரதமும் எதிர்ப்பொருளும் இணைந்து கலங்கும்போது ஊடுருவும் ஒளி குறைகிறது; சிதறும் ஒளி கூடுகிறது. அக்கலக்கத்தைப் பொறி அளந்து எண்ணாக மாற்றுகிறது. மிகச் சிறிய அளவுகளுக்கு, 1971இல் சுவீடனில் எங்வால், பெர்ல்மன் ஆகியோர் வெளியிட்ட எலைசா முறை கைகொடுக்கிறது. இதில் எதிர்ப்பொருளோடு ஒரு நொதியைப் பிணைத்து, அந்நொதி உண்டாக்கும் நிறத்தை அளக்கிறார்கள். விரல் நுனிக் குருதியைக் கொண்டு சில நிமிடங்களில் விடை தரும் கீற்றுச் சோதனைகளும் இப்போது உள்ளன.

அலகைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் மேலே செல்ல முடியாது. என் பெரியம்மாவுக்கு ஒரு வாரத்தில் இரண்டு ஊர்களில் இரண்டு ஆய்வுக்கூடங்களில் சி.ஆர்.பி. பார்க்க நேர்ந்தது. முதல் தாளில் 4.8, இரண்டாம் தாளில் 48. நோய் பத்து மடங்கு முற்றிவிட்டது என்று வீடே கலங்கியது. தாள்களை வாங்கிப் பார்த்தேன். முதலாவது டெசிலிட்டருக்கு மில்லிகிராம். இரண்டாவது லிட்டருக்கு மில்லிகிராம். ஒரு லிட்டர் பத்து டெசிலிட்டர் ஆதலால் இரண்டும் ஒரே அளவு! ஏறவில்லை என்ற அளவில் ஆறுதல். இறங்கவும் இல்லை என்பதையும் எடுத்துச் சொல்லி மருத்துவரிடம் இரண்டு தாள்களையும் காட்டச் சொன்னேன். எண்ணைப் படிக்குமுன் அலகைப் படிக்க வேண்டும். எல்லை கடந்து மருத்துவம் பார்க்கும் எங்கள் பக்கத்து மக்களுக்கு இது மிகவும் வேண்டிய பாடம்.

நெஞ்சுநீரும் காசநோயும்

இனி, நோய் நிகழும் இடத்திலிருந்தே நீரை எடுத்து அளக்கும் முறைக்கு வருவோம். நம் நாட்டில் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு நுரையீரல் உறைக்குள் நீர் கோத்தல்.

நுரையீரலைச் சுற்றியுள்ள இரட்டை உறையின் நடுவே நீர் தேங்குவதற்குக் காரணங்கள் பல. இதயம் தளர்ந்தாலும், சிறுநீரகம் கெட்டாலும் நீர் கசிந்து சேரும். காசநோய், நிமோனியா, புற்றுநோய் ஆகியவற்றாலும் சேரும். முதல் வகையில் நீர் வெறுமனே வடிகிறது. இரண்டாம் வகையில் அழற்சியால் குழாய்ச் சுவர்கள் இளகிப் புரதமும் சேர்ந்து கசிகிறது. இவ்விரண்டையும் பிரிக்க லைட் என்னும் அமெரிக்க மருத்துவரும் அவர் குழுவினரும் 1972இல் வகுத்த அளவுகோல் இன்றும் வழக்கில் உள்ளது. நெஞ்சுநீரின் புரதம் குருதிச் சீரத்தின் புரதத்தில் பாதிக்கு மேல் இருந்தால் அது அழற்சி நீராக இருத்தல் கூடும் என்பது அதன் ஒரு கூறு.

அழற்சி நீர் என்று தெரிந்தபின் அது காசநோயா அன்றா என்னும் வினா எழுகிறது. இங்குதான் இடர்ப்பாடு. உறைக் காசநோயில் நீரில் கிருமிகள் மிகச் சில. நுண்ணோக்கியில் அவை அகப்படுவது அரிது. வளர்த்துப் பார்க்க வாரக்கணக்கு ஆகும். அதுவரை நோயாளி காத்திருக்க வேண்டுமா?

1978இல் இத்தாலியைச் சேர்ந்த பிராஸும் அவர் தோழர்களும் ஒரு வழி காட்டினர். அடினோசின் டி-அமினேஸ் என்னும் நொதி காசநோய் நெஞ்சுநீரில் மிகுந்திருப்பதைக் கண்டு வெளியிட்டனர். ஏ.டி.ஏ. என்பது இதுவே. நொதியும் ஒரு புரதந்தான். காசநோய்க் கிருமியை எதிர்க்கத் திரளும் நிணவணுக்களும் விழுங்கணுக்களும் இதனை மிகுதியாகக் கொண்டவை. கிருமி கண்ணில் படாவிட்டாலும் அதனைத் துரத்த வந்த படையின் ஆரவாரம் காதில் விழுகிறது!

இதனை அளக்கும் முறை எளிது. இத்தாலியரான ஜியுஸ்தி வகுத்த முறையில், நெஞ்சுநீரில் ஒரு சிறு பங்கை அடினோசினுடன் 37 பாகை வெப்பத்தில் 60 நிமிடம் வைக்கிறார்கள். நொதி அடினோசினை இனோசினாக மாற்றி அம்மோனியாவை வெளிவிடுகிறது. அந்த அம்மோனியா, பீனால், ஹைப்போகுளோரைட்டு ஆகியவற்றுடன் வினைபுரிந்து நீல நிறம் தருகிறது. நீலம் எவ்வளவு ஆழமோ, நொதி அவ்வளவு மிகுதி.

கணக்கையும் செய்து பார்ப்போம். 0.05 மில்லிலிட்டர் நெஞ்சுநீர் 60 நிமிடத்தில் 0.15 மைக்ரோமோல் அம்மோனியாவை விடுவித்தது என்க. நிமிடத்துக்கு 0.0025 மைக்ரோமோல். ஒரு லிட்டரில் 0.05 மில்லிலிட்டர் 20,000 முறை அடங்கும். ஆகவே லிட்டருக்கு நிமிடத்துக்கு 50 மைக்ரோமோல். நிமிடத்துக்கு ஒரு மைக்ரோமோல் என்பது ஓர் அலகு. விடை: லிட்டருக்கு 50 அலகு. பெரிதும் வழங்கும் எல்லை 40 அலகு. எனவே இந்நீர் காசநோயை நோக்கிக் கைகாட்டுகிறது.

கைகாட்டுகிறது என்றே சொன்னேன். தீர்ப்பளிக்கிறது என்று சொல்லவில்லை. நுரையீரல் உறையில் சீழ் கட்டினாலும், மூட்டுவாத நோயிலும், நிணநீர்ப் புற்றிலும் ஏ.டி.ஏ. உயரும். நீரில் குருதி கலந்து செவ்வணுக்கள் உடைந்தால் அவற்றிலுள்ள நொதியும் சேர்ந்து எண்ணை உயர்த்திவிடும். ஆதலின் எந்த வெள்ளணு மிகுந்துள்ளது, நோயாளியின் வயது என்ன, எத்தனை நாளாகக் காய்ச்சல் என்பனவற்றோடு சேர்த்தே இதனைப் பார்க்க வேண்டும்.

இதில் தவறினால் விளைவது சிறிதன்று. 'காசநோய்' என்று முடிவு செய்தால் ஆறு மாதம் மருந்து. முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள். சென்னைச் சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கிய காசநோய் மருத்துவ ஆய்வு நிலையம், வீட்டில் இருந்தபடியே மருந்து உண்டு குணமடையலாம் என்று 1959இல் உலகுக்குக் காட்டியது. அதனால் ஏழைக்கும் இம்மருத்துவம் எட்டியது. ஆனால் புற்றுநோயைக் காசநோய் என்று எண்ணி அம்மருந்தை உண்டால் அந்த ஆறு மாதம் புற்றுக்கு இலவசமாகக் கொடுத்த காலமாகிவிடும். காசநோயைக் கண்டுகொள்ளாமல் விட்டாலோ பின்னர் நுரையீரலே பழுதாகும்.

ஒரே எண், இரு பொருள்

ஒரே சோதனை ஓர் ஊரில் நன்றாகவும் வேறோர் ஊரில் மோசமாகவும் அமைவதுண்டு. இது பலருக்கு வியப்பாக இருக்கும். கணக்காகவே பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை.

ஒரு சோதனை, நோய் உள்ள 100 பேரில் 90 பேரைக் கண்டுபிடிக்கிறது. நோய் இல்லாத 100 பேரில் 90 பேரை 'இல்லை' என்று சரியாகச் சொல்கிறது. முதல் ஊரில் நெஞ்சில் நீர் கோத்த 1000 பேரில் 600 பேருக்குக் காசநோய். அவர்களில் 540 பேருக்குச் சோதனை 'உண்டு' என்கிறது. நோயற்ற 400 பேரில் 40 பேருக்குத் தவறாக 'உண்டு' என்கிறது. ஆக 580 பேரில் 540 பேர் உண்மையான நோயாளிகள். நூற்றுக்கு 93 பங்கு நம்பலாம்.

இரண்டாம் ஊரில் 1000 பேரில் 50 பேருக்குத்தான் காசநோய். 45 பேருக்குச் சரியாக 'உண்டு'. நோயற்ற 950 பேரில் 95 பேருக்குத் தவறாக 'உண்டு'. ஆக 140 பேரில் 45 பேரே நோயாளிகள். நூற்றுக்கு 32 பங்குதான் நம்பலாம். சோதனை மாறவில்லை, பொறி மாறவில்லை, ஊர்தான் மாறியது! காசநோய் மிகுந்த நம் நாட்டில் ஏ.டி.ஏ. பெரிதும் பயன்படுவதற்கும், காசநோய் அரிதான நாடுகளில் உயர்ந்த ஏ.டி.ஏ.வை அத்துணை நம்பாமைக்கும் காரணம் இதுவே.

வாதக் காய்ச்சலுக்கு அமெரிக்க இதயச் சங்கம் 2015இல் திருத்திய விதிகளிலும் இவ்வுண்மை இடம் பெற்றுள்ளது. நோய் அரிதான மக்களிடையே ஈ.எஸ்.ஆர். 60 மில்லிமீட்டர் இருந்தால்தான் குறியாகக் கொள்வர். நோய் மிகுந்த மக்களிடையே 30 போதும். குழந்தையின் இதய வால்வு கெடுமுன் நோயைப் பிடிக்க வேண்டும் என்பதே அதன் உட்கருத்து.

பிற நீர்கள்

குடலின் உட்சுவரில் அழற்சி ஏற்பட்டால் வெள்ளணுக்கள் குடலுக்குள் இறங்கி மலத்தோடு வெளியேறுகின்றன. அவற்றுள் கால்புரொடெக்டின் என்னும் புரதம் நிறைந்துள்ளது. நார்வே நாட்டு ஃபாகர்ஹால் குழுவினர் 1980இல் இதனை விவரித்தனர். மலத்தில் இது எளிதில் அழியாது என்பதால் வீட்டிலிருந்தே எடுத்து அனுப்பலாம். ஒரு கிராமுக்கு 50 மைக்ரோகிராமுக்குக் குறைந்தால் குடல் அழற்சி இருப்பதற்கு வாய்ப்புக் குறைவு. குழாய் செலுத்திக் குடலைப் பார்க்கும் தொல்லை பலருக்கு மிச்சம். ஆனால் உயர்ந்திருந்தால் அது குரோன் நோயா, குடற் காசநோயா என்று அது சொல்லாது. நம் நாட்டு மருத்துவருக்கு அதுவே பெரிய சிக்கல். வலி நீக்கும் மாத்திரைகள் சிலவும் இதனை உயர்த்தும் என்பதையும் அறிந்திருக்க வேண்டும்.

மூளைத் தண்டுவட நீரில் புரதம் உயர்ந்து சர்க்கரை குறைந்தால் மூளை உறைக் காய்ச்சலை ஐயுறுகிறோம். வீங்கிய மூட்டின் நீரில் வெள்ளணுக்களை எண்ணுகிறோம். எங்கும் கொள்கை ஒன்றே: நோய் நிகழும் இடத்துக்கு எவ்வளவு அருகிலிருந்து நீரை எடுக்கிறோமோ, விடை அவ்வளவு தெளிவாக இருக்கும்.

மருந்து வேண்டுமா, வேண்டாவா?

சளி, இருமல் என்று வருவோர் பெரும்பாலோருக்குக் காரணம் வைரஸ். அதற்கு நுண்ணுயிர்க்கொல்லி மருந்து பயனில்லை. ஆயினும் கேட்டு வாங்கி உண்கிறோம். கிருமிகள் அம்மருந்துக்குப் பழகிவிடுகின்றன. கேரள அரசு இதனைத் தடுக்க 2018இல் ஒரு செயல்திட்டம் வகுத்தது. மருத்துவர் சீட்டின்றி இம்மருந்துகளை விற்பதற்கு எதிராக 2024 சனவரியில் 'ஆபரேஷன் அம்ரித்' என்னும் நடவடிக்கையையும் தொடங்கியது.

இதில் அழற்சிப் புரதம் உதவுமா? வைரஸ் நோயில் சி.ஆர்.பி. பெரும்பாலும் சிறிதே உயரும். பாக்டீரியா நோயில் மிக உயரும். வியட்நாமில் ஆரம்ப மருத்துவ நிலையங்களில் விரல் நுனிக் குருதியில் சி.ஆர்.பி. பார்த்து மருந்து கொடுத்துச் சோதித்தனர். 2016இல் வெளியான முடிவின்படி, சோதனை செய்யாத பிரிவில் 100க்கு 78 பேர் நுண்ணுயிர்க்கொல்லி உண்டனர். செய்த பிரிவில் 64 பேர். பெரும் புரட்சி அன்று. ஆனால் நூற்றுக்கு 14 பேர் தேவையற்ற மருந்திலிருந்து தப்பினர் எனலாம். பாக்டீரியா நோயில் சிறப்பாக உயரும் புரோகால்சிட்டோனின் என்னும் வேறொரு புரதமும் 1993 முதல் அறியப்பட்டு, மருத்துவமனைகளில் மருந்தை எப்போது நிறுத்தலாம் என்று முடிவு செய்யப் பயன்படுகிறது.

கோவிட் இக்கணக்கைச் சற்றுக் குழப்பியது. இந்தியாவின் முதல் கோவிட் நோயாளி 2020 சனவரி 30இல் எங்கள் அண்டை மாவட்டமான திருச்சூரில் கண்டறியப்பட்டார். அது வைரஸ் நோயேயானாலும் கடுமையானபோது சி.ஆர்.பி. மிக உயர்ந்தது. பிரிட்டனில் நடந்து 2021இல் முடிவு வெளியான ரெக்கவரி ஆய்வில், உயிர்வளி குறைந்து, சி.ஆர்.பி. 75க்குக் குறையாத நோயாளிகளுக்கு இன்டர்லூக்கின்-6இன் வேலையைத் தடுக்கும் டோசிலிசுமாப் மருந்து கொடுத்து, இறப்புக் குறைவதைக் கண்டனர். அம்மருந்து கொடுத்த பின் சி.ஆர்.பி. விழுந்துவிடும். அப்போது புதிதாக வேறு தொற்று வந்தாலும் சி.ஆர்.பி. உயராமல் இருக்கக்கூடும்! ஓலை கொண்டுசெல்பவனைத் தடுத்துவிட்டால் கல்லீரலுக்குச் செய்தி எப்படித் தெரியும்? கல்லீரல் மிகவும் பழுதுற்றவரிடமும் இவ்வாறே எண் குறைந்து நம்மை ஏமாற்றும்.

முடிவுரை

இதுவரை கூறியவற்றால் நாம் அறிய வேண்டியவை நான்கு. எண்ணுக்கு முன் அலகைப் பார்க்க வேண்டும். ஒரு நாளின் அளவைவிட அடுத்தடுத்த நாட்களின் போக்கு முக்கியம். ஆதலின் பழைய தாள்களை எறிந்துவிடக் கூடாது. எந்த நீரில் எடுத்தது என்பதைக் கவனிக்க வேண்டும்; குருதி பொதுச்செய்தி சொல்லும், நோயிடத்து நீர் சிறப்புச்செய்தி சொல்லும். நான்காவதாக, நோயாளியைப் பாராமல் தாளை மட்டும் பார்த்து முடிவு செய்யலாகாது. மருத்துவரைக் காணாமல் தாமே மருந்து வாங்குவது அதனினும் தீது.

வள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தில் நோயை ஆராய்வதையும், அதன் காரணத்தை ஆராய்வதையும், தணிக்கும் வழியை ஆராய்வதையும் தனித்தனிப் படிகளாக வைத்தார். அழற்சிப் புரதம் முதற்படியில் நன்கு துணை செய்கிறது. நோயிடத்து நீரில் அளந்தால் இரண்டாம் படியிலும் ஓரளவு துணை செய்கிறது. எஞ்சிய வழியை மருத்துவரின் கண்ணும் கையும் அறிவுமே கடக்க வேண்டும். இவ்வேறுபாட்டை உணர்ந்து படிப்பவருக்கு அத்தாள் அச்சம் தருவதாக இராது. தக்க வினாவை மருத்துவரிடம் கேட்பதற்குத் துணையாகவே இருக்கும். அவ்வினாக்களை நம் மக்கள் தம் தாய்மொழியிலேயே கேட்குமாறு செய்வது, இவற்றைப் படிக்கும் வாய்ப்புப் பெற்ற நம் போன்ற மாணவர்களின் கடமையாகும்.